எழுபத்தாறு மணி நேரம்

கிணற்றிலே குடம் விழுந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள் என்பது நேயர்கள் அறிந்ததே. தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் பாதாளக் கரண்டி இருக்கும். எல்லார் வீட்டிலும் இராது. ஒரு செம்பையோ தாம்பாளத்தையோ ஈடாக வைத்துவிட்டு அதை வாங்கி வந்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டுத் துழாவுவார்கள். பெரும்பாலும் குடம் வந்துவிடும். எப்பொழுதாவது கரண்டியே அடியில் எதிலாவது மாட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்று அடம் பிடிப்பதும் உண்டு. அப்பொழுது அதை எடுக்க இன்னொரு கரண்டிக்கு எங்கே போவது?

2005-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி வியாழக்கிழமையன்று ருஷ்யக் கப்பற்படைக்கு நேர்ந்த சங்கடம் ஏறக்குறைய இதுதான். ஆசியாக் கண்டத்தின் வடகிழக்குக் கோடியில் காம்சட்கா என்று ஒரு தீபகற்பம் இருக்கிறது. அதன் கரையோரமாயுள்ள பெரெசோவயா விரிகுடாவில் 'ஏ. எஸ். 28' என்னும் சிறு மூழ்கிக் கலம் ஒன்று ஜலத்துக்குள் இறங்கிற்று. பதின்மூன்றரை மீட்டர் நீளமுள்ள அந்தக் கலம் யுத்தம் செய்வதற்காக ஏற்பட்டதன்று. ஆழத்திலே ஆபத்துக்குள்ளாகும் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மாலுமிகளை மீட்டுக் கொண்டு வருவதற்கென்றே ஏற்பட்டது. சுருங்கச் சொன்னால், ருஷ்யர்களுடைய பாதாளக் கரண்டி அதுதான். அந்தக் கரண்டி 190 மீட்டர் ஆழத்தில், மீன் வலைகளிலும் கடலடியில் போட்டிருந்த கம்பி வடங்களிலும் சிக்கிக்கொண்டு அசைய மாட்டாமல் நின்றுவிட்டது. வழக்கமாக நாலு பேர் செல்லும் கலத்தில் அன்றைக்கு ஏழு பேர் இருந்தார்கள். அறுவர் கடற்படையினர்; ஒருவர் அத்தகைய கலங்களைச் செய்யும் தொழிற்சாலையைச் சேர்ந்தவர்.

190 மீட்டர் என்றால் சுமார் 620 அடி. தரையிலே அந்தத் தூரத்தை வெற்றிலை போட்டுக்கொண்டே நடந்து விடலாம். கடலுக்கு அடியில் அப்படியில்லை. பத்து மீட்டர் இறங்குவதற்கு ஒரு தடவை, நம் தலைக்கு மேலுள்ள ஆகாயம் முழுவதின் பாரத்துக்குச் சமமான ஒரு பாரம் கூடிக்கொண்டே போகிறது. 190 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் ஏறக்குறைய 280 ராத்தல் பாரம் அழுத்துகிறது. கதவைத் திறந்துகொண்டு நீந்தி வெளியே வந்துவிடலாமே என்று குழந்தைகள் கேட்பார்கள். கதவு திறக்காது, திறந்தாலும் அந்தக் கணமே எல்லாம் முடிந்துவிடும். தப்புவதற்கென்று விசேஷமாகச் செய்த உடைகள் உண்டு. அவையும் சுமார் 180 மீட்டர் வரையில்தான் பயன்படும் என்பது கணக்கு.

இன்னொரு விஷயம். மூடிய கலத்துக்குள் அகப்பட்டவர்கள் பிராணவாயு தீர்ந்துபோய் இறப்பதாகவே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது தீர்வதற்கு முன்பே வேறொன்று முந்திக்கொள்கிறது. நாம் வெளியே விடும் கரியமிலவாயுதான் அது. வெளிக்காற்றில் பதினாயிரம் பங்கில் நாலு பங்கே இருக்கும் இந்த வாயு, நூற்றுக்கு மூன்று பங்கு ஆயிற்றானால் தலைவலியும் மேல்மூச்சும் வரும். நூற்றுக்குப் பத்துப் பங்கை எட்டும்போது நினைவு தப்பிவிடும். இதனால் நீர்மூழ்கிக் கலங்களில் சுண்ணாம்புச் சத்துச் சேர்ந்த ஒரு மருந்தை வைத்திருப்பார்கள். காற்றை அதன் வழியே செலுத்தினால் கரியமிலவாயுவை அது உறிஞ்சிக்கொள்ளும். பொங்கலுக்குச் சுவரில் அடிக்கும் சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதும் இதே ரசாயனத்தினால்தான். அந்த மருந்தின் சக்தி தீர்ந்துவிட்டால் மனிதன் தன் மூச்சினாலேயே தான் மூழ்கிப் போகிறான்.

காம்சட்காவில் சிக்கிய ஏழு பேரும் இதை நன்றாக அறிந்தவர்கள். விளக்குகளை அணைத்துவிட்டார்கள். கனத்த உடைகளைப் போட்டுக்கொண்டு, அந்தக் கடுங்குளிரில் பேச்சு மூச்சின்றி அசையாமல் படுத்துவிட்டார்கள். அசைந்தால் மூச்சு அதிகம் வேண்டும், பேசினாலும் வேண்டும். குடிதண்ணீரை வாய் நனையும் அளவுக்கு அளந்து குடித்தார்கள்.

மேலே ருஷ்யர்கள் என்ன செய்தார்கள்? மறுநாளே உலகத்தாரிடம் உதவி கேட்டார்கள். இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். இதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன்னால் நடந்ததை அறிந்தவர்களுக்குத்தான் அந்த ஒரு வாக்கியத்தின் கனம் தெரியும்.

2000-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி சனிக்கிழமை, வடகோடியிலுள்ள பாரெண்ட்ஸ் கடலில் 'குர்ஸ்க்' என்ற மாபெரும் ருஷ்ய நீர்மூழ்கிக் கப்பல் ஒத்திகை செய்துகொண்டிருந்தது. அதன் நீளம் 154 மீட்டர். உள்ளே 118 பேர். ஒரு டார்ப்பீடோவிலிருந்து கசிந்த ஹைட்ரஜன் பெராக்ஸைடு வெடித்தது. இரண்டு நிமிஷம் பதினைந்து விநாடி கழித்து மற்ற டார்ப்பீடோக்களும் சேர்ந்து வெடித்தன. பூகம்பத்தை அளக்கும் நார்வே தேசத்துக் கருவிகளில் அந்த அதிர்ச்சி பதிவாயிற்று. கப்பல் 108 மீட்டர் ஆழத்தில் தரை தட்டிற்று. அதைச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருந்தால் 46 மீட்டர் கடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. அத்தனை சமீபம்!

முன்பாகத்தில் இருந்தவர்கள் உடனே மாண்டார்கள். பின்பக்கத்துக் கடைசி அறையில் 23 பேர் உயிரோடு சேர்ந்திருந்தார்கள். அவர்களுள் கோலெஸ்னிகாவ் என்ற இளம் உத்தியோகஸ்தர், இருட்டிலே கண் தெரியாமல், ஒரு காகிதத்தில் அந்த 23 பேருடைய பெயர்களையும் எழுதினார். தம் மனைவிக்கும் இரண்டொரு வரி எழுதினார். இரண்டு மாதம் கழித்து அவர் உடலை எடுத்தபொழுது அந்தக் காகிதம் கிடைத்தது.

ருஷ்யர்களுடைய மீட்புக் கலங்கள் பலமுறை இறங்கிப் பார்த்தும் கப்பலின் வாசலில் பொருந்த முடியவில்லை. பிரிட்டனும் நார்வேயும் வேறு தேசங்களும் தாங்களாகவே உதவிக்கு வருவதாகச் சொல்லின. ருஷ்ய சர்க்கார் அதை ஒப்புக்கொண்டது 16-ந் தேதி. அதாவது நாலு நாள் கழித்து. அந்தக் கப்பல் ராணுவ ரகசியங்கள் நிறைந்தது. ஒரு காலத்தில் உலகத்தையே நடுங்க வைத்த கப்பற்படை, பகையாளி வீட்டு வாசலில் போய்க் கரண்டி கேட்பதா என்ற எண்ணமும் இருந்திருக்கும். நார்வே தேசத்து முக்குளிப்பவர்கள் இறங்கி 21-ந் தேதி வாசலைத் திறந்தார்கள். உள்ளே ஜலம் நிரம்பியிருந்தது.

இங்கே நாம் நியாயம் தவறக்கூடாது. அந்த 23 பேரும் விபத்து நடந்து சுமார் எட்டு மணி நேரத்துக்குள் இறந்துவிட்டார்கள் என்பது பின்னால் நடந்த விசாரணையின் முடிவு. ஆகவே கேட்ட மாத்திரத்தில் அந்நிய உதவி புறப்பட்டிருந்தாலும் அவர்கள் பிழைத்திருக்க முடியாது. ஆனால் 12-ந் தேதியிலிருந்து 16-ந் தேதி வரையில் இது யாருக்குத் தெரியும்? கரையில் நின்ற தாய்மாருக்கும் மனைவியருக்கும் தெரியுமா? மறுத்துக்கொண்டிருந்த அதிகாரிகளுக்குத்தான் தெரியுமா? உயிரோடு இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே நாலு நாள் யோசித்தார்கள். தேசத்தின் மானம் பெரிதென்று நாமும் இந்தப் பக்கங்களில் பலமுறை எழுதியிருக்கிறோம். அந்த மானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில் இவ்வளவு பெரிய பிசகு நேர்ந்து நாம் அறிந்ததில்லை.

ஆழத்திலிருந்து மனிதரை மீட்க முடியும் என்ற நம்பிக்கை எப்பொழுது வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1927-ம் வருஷம் டிசம்பர் மாதம் அமெரிக்காவின் 'எஸ். 4' என்ற கப்பல் மோதி மூழ்கிற்று. மொத்தம் 40 பேர். அவர்களுள் ஆறு பேர் முன்னறையில் உயிருடனிருந்து, இரும்புச் சுவரைச் சுத்தியலால் தட்டித் தந்திச் சங்கேதத்தில் வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். நம்பிக்கை உண்டா என்று கேட்டார்கள். மேலே புயல். ஒன்றும் செய்ய முடியவில்லை. மெல்ல மெல்லத் தட்டும் ஓசை நின்றுவிட்டது. மாம்ஸன் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரிக்கு இது பொறுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தம் நண்பர்களுடைய கப்பல் ஒன்று இப்படியே மூழ்கியபோது, அந்த இடத்திலே எண்ணெய் மிதந்ததை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர். மணியைப் போன்ற ஒரு பெரிய இரும்புக் கூட்டை இறக்கி, மூழ்கிய கப்பலின் வாசல்மேல் கவிழ்த்து ஒட்டவைத்து, மனிதரை அதற்குள் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று அவருக்குத் தோன்றிற்று. மக்கான் என்பவர் அதைச் செப்பனிட்டு முடித்தார். அவர் பெயராலேயே அந்தக் கூடு வழங்குகிறது.

அது எப்படி ஒட்டும் என்று கேட்கலாம். பித்தளை டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, கையை எடுத்தாலும் டம்ளர் விழாமல் தொங்குவதைக் குழந்தைகள் செய்து காட்டியிருப்பார்கள், அடியும் வாங்கியிருப்பார்கள். அதே வித்தைதான். கூட்டின் வாய்க்கும் கப்பலின் வாசலுக்கும் நடுவிலுள்ள ஜலத்தை வெளியேற்றிவிட்டால், சுற்றியுள்ள சமுத்திரத்தின் பாரமே கூட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கொல்லுகிற பாரமே காக்கிற பூட்டாகவும் ஆகிவிடுகிறது.

1939-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி 'ஸ்குவாலஸ்' என்ற அமெரிக்கக் கப்பல், காற்று இழுக்கும் பெரிய குழாய் மூடாமல் போனதால், சுமார் 240 அடி ஆழத்தில் மூழ்கிற்று. பின்னறைகளில் இருந்த 26 பேர் மாண்டார்கள். முன்னறைகளில் 33 பேர் குளிரில் காத்திருந்தார்கள். 'ஸ்கல்பின்' என்ற ஜோடிக் கப்பல் அவர்கள் விட்ட புகைவாணத்தைக் கண்டது. மறுநாள் மாம்ஸன் தலைமையில் அந்த இரும்புக் கூடு இறங்கிற்று. முதல் தடவை ஏழு பேர். பிறகு ஒன்பது பேர். மறுபடியும் ஒன்பது பேர். கடைசியில் எட்டுப் பேர். கடைசித் தடவை வரும் வழியில் கம்பி வடம் சிக்கிப் பிரிபிரியாக அறத் தொடங்கவே, ஆட்கள் கையாலேயே இழுத்து நள்ளிரவு கடந்த பின் கூட்டை மேலே சேர்த்தார்கள். 33 பேரும் பிழைத்தார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து அதற்கு முன் எவரையும் அவ்விதம் மீட்டதில்லை.

இதற்கு ஒன்பது நாள் கழித்து, ஜூன் 1-ந் தேதி, இங்கிலாந்தில் லிவர்ப்பூல் விரிகுடாவில் 'தெடிஸ்' என்ற புதுக் கப்பல் வெள்ளோட்டத்தில் மூழ்கிற்று. டார்ப்பீடோக் குழாயில் ஜலம் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு துவாரத்தைப் பூச்சு வர்ணம் அடைத்துக்கொண்டிருந்தது. ஜலமில்லை என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்கவும் சாப்பாடு பரிமாறவுங்கூட ஆட்களை ஏற்றியிருந்ததால் உள்ளே 103 பேர். கப்பலின் வால்பாகம் கடலுக்கு மேலே பல அடி நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கப்பல்கள் நின்றன. நாலு பேர் தப்பினார்கள். 99 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் கரியமிலவாயுவால். அந்த மாதம் 15-ந் தேதி இந்தோ-சீனாவில் காம் ரான் விரிகுடாவில் பிரெஞ்சுக்காரருடைய 'பீனிக்ஸ்' மூழ்கி 71 பேர் போனார்கள். ஒரு மாதத்துக்குள் மூன்று தேசங்கள். ஒன்றில் மட்டும் கூடு இருந்தது.

விதியின் விளையாட்டை ஒன்று சொல்லி மேலே போகிறோம். ஸ்குவாலஸ் கப்பலைக் கடலிலிருந்து எடுத்துப் பழுது பார்த்து, 'ஸெயில்பிஷ்' என்று பெயர் மாற்றி யுத்தத்துக்கு அனுப்பினார்கள். 1943 டிசம்பரில் அது ஒரு ஜப்பானியக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் யுத்தக் கைதிகளாக இருந்தவர்கள் யார் தெரியுமா? தன்னை அன்று கண்டுபிடித்த ஸ்கல்பின் கப்பலின் மாலுமிகள்! 21 பேரில் ஒருவரே பிழைத்தார்.

இது நிற்க. காம்சட்காவின் கதைக்குத் திரும்புமுன் இன்னுமொரு கதையை நேயர்கள் கேட்கவேண்டும். காரணம் பின்னால் விளங்கும்.

1973-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. அயர்லாந்துக்குத் தென்மேற்கே சுமார் 150 மைலுக்கு அப்பால், அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் டெலிபோன் வடத்தைப் புதைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மல்லின்ஸன், சாப்மன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 'பைஸீஸ் 3' என்னும் குட்டிக் கலத்தில் இறங்கி வேலையை முடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். அவர்களை இழுத்துச் சேர்க்கும் கயிறு பின்பக்கத்து மூடியில் சுற்றிக்கொண்டு மூடியைப் பிடுங்கிவிட்டது. அந்தப் பாகத்தில் ஜலம் புகுந்தது. கலம் வால் கீழாக விழத் தொடங்கிற்று. கீழே மோதும்போது பல் பட்டு நாக்கு அறுபடாமலிருக்க இருவரும் வாயில் துணியைத் திணித்துக்கொண்டார்களாம்! 1,575 அடி ஆழத்தில் போய் மோதி நின்றார்கள்.

அவர்களிடம் இருந்த ஆகாரம் ஒரு ஸாண்ட்விச்சும் ஒரு டப்பி எலுமிச்சைப் பானமுந்தான். மூன்று நாளைக்கு வேண்டிய பிராணவாயுவில் எட்டு மணி நேரத்துக்கு உரியது முன்பே செலவாகியிருந்தது. காற்றைச் சுத்தி செய்யும் யந்திரத்தைச் சாதாரணமாக 40 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட்டவேண்டும். தலைவலியைப் பொறுத்துக்கொண்டு அந்த இடைவெளியை நீட்டி நீட்டி நாளைக் கடத்தினார்கள். பேச்சை நிறுத்திவிட்டார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்து அழுத்திச் சௌக்கியம் தெரிவித்துக்கொண்டார்கள். மேலே இங்கிலாந்திலிருந்து ஒரு கலமும், கனடாவிலிருந்து ஒரு கலமும், அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து ஆளில்லாமல் இயங்கும் யந்திரமொன்றும் வந்து சேர்ந்தன. முதல் முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறின. முடிவில் வடத்தை மாட்டி, செப்டம்பர் 1-ந் தேதி மேலே இழுத்தார்கள். அவர்கள் அடியில் கிடந்தது 76 மணி நேரம். மூடியைத் திறந்தபோது பன்னிரண்டு நிமிஷத்துக்குப் பிராணவாயு மிச்சம் இருந்தது.

சாதாரண மனிதராயிருந்தால் அதற்குப் பிறகு குளத்துப் பக்கங்கூடப் போயிருக்க மாட்டார். சாப்மன் என்ன செய்தார்? பின்னாளில் 'ருமிக்' என்று ஒரு கம்பெனியை ஆரம்பித்தார். கடலுக்கடியில் அகப்பட்டவர்களை மீட்பது அதன் வேலைகளில் ஒன்று. அந்தக் கம்பெனியைப் பிறகு ஜேம்ஸ் பிஷர் என்ற பெரிய ஸ்தாபனம் வாங்கிக்கொண்டது. 2005-ம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படைக்காக மீட்புக் கருவிகளை இயக்கி வந்தது அந்த ஸ்தாபனமே.

காம்சட்காவிலிருந்து அபயக் குரல் எழும்பியதும் பிரிட்டனும் அமெரிக்காவும் ஆளில்லா யந்திரங்களை ஆகாய விமானங்களில் ஏற்றின; ஜப்பான் கப்பல்களை அனுப்பிற்று. முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷார். ரிச்சஸ் என்ற கடற்படை அதிகாரி அவர்களுக்குத் தலைவர். ஸ்காட்லாந்திலிருந்து உலகத்தின் மறுபக்கம் பறந்து, யந்திரத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், ருஷ்யக் கப்பலொன்றில் ஏற்றி, விபத்து நடந்த இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்நியர் எவரும் நெருங்கக் கூடாதென்று பல்லாண்டுகள் மூடி வைத்திருந்த ராணுவப் பிரதேசம் அது. அதற்குள் பிரிட்டிஷ் ராணுவ விமானம் இறங்கிற்று. ருஷ்யர்களே பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார்கள்.

'ஸ்கார்ப்பியோ' என்பது அந்த யந்திரத்தின் பெயர். கண்ணுக்குப் பதில் காமிரா. கைக்குப் பதில் கத்தரி. கப்பலில் இருப்பவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே அதை ஏவுவார்கள். 7-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை அது கீழே போய் வலைகளையும் வடங்களையும் ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கிற்று. நடுவில் அதற்கே கோளாறு ஏற்பட்டு மேலே வரவேண்டியதாயிற்று. சரி செய்து மறுபடியும் இறக்கினார்கள். சில மணி நேரம் வெட்டிய பிறகு, எதிர்பாராத ஒரு கணத்தில் கலம் விடுபட்டு மேலெழும்பி ஜலமட்டத்துக்கு வந்தது. மூடியை உள்ளிருந்தவர்களே திறந்தார்கள். ஏழு பேரும் தங்கள் காலாலேயே வெளியே வந்தார்கள். அவர்கள் அடியிலிருந்ததும் ஏறக்குறைய 76 மணி நேரமே. 1973-ல் ஓர் ஆங்கிலேயர் எண்ணிய அதே மணிகளை, 2005-ல் ஏழு ருஷ்யர்கள் எண்ணியிருக்கிறார்கள். அவர் ஆரம்பித்த வேலையின் பலன் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. சாப்மன் 2020-ம் ஆண்டு காலமானார்.

2005-ம் வருஷம் அக்டோபரில் ருஷ்ய ஜனாதிபதி புடின் லண்டனுக்கு வந்து, மீட்டவர்களுக்குத் தம் கையாலேயே பதக்கம் வழங்கினார். குர்ஸ்க் மூழ்கியபோதும் அவரே ஜனாதிபதி என்பதை நேயர்கள் நினைவில் வைக்கவும்.

குர்ஸ்க் விபத்தின் பயனாக இன்னொரு காரியமும் நடந்திருந்தது. ஆபத்து நேர்ந்தவுடன் யாரிடம் சொல்வது, யாரிடம் எந்தக் கருவி இருக்கிறது, அது எந்த விமானத்தில் ஏறும் என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே திரட்டி வைத்திருக்க 2003-ல் ஒரு சர்வதேசக் காரியாலயத்தை ஏற்படுத்தினார்கள். அதன் பெயர் மிக நீளம். சுருக்கி 'இஸ்மெர்லோ' என்கிறார்கள். தெருவில் எந்த வீட்டில் கரண்டி இருக்கிறது என்று தெரிந்த பாட்டி ஒருத்தியை நியமித்தாற்போல என்று வைத்துக்கொள்ளலாம். பகை, நட்பு என்ற பேதம் அங்கே இல்லை. 2017 நவம்பரில் ஆர்ஜெண்டைனாவின் 'சான் ஹுவான்' 44 பேருடன் காணாமல் போனபோது, 1982-ல் அந்நாட்டோடு யுத்தம் செய்த பிரிட்டனும் கப்பலும் விமானமும் அனுப்பித் தேடிற்று; அமெரிக்கரும் ருஷ்யரும் ஒரே கடலில் தேடினார்கள். பலன் இல்லை. ஒரு வருஷம் கழித்து 900 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் சிதறிக் கிடந்த கப்பலைக் கண்டார்கள்.

இப்பொழுது நம் வீட்டுக்கு வருவோம். வெகு காலம் நம்மிடம் இவ்விதக் கரண்டி கிடையாது. 2018 டிசம்பரில்தான் பம்பாயில் முதல் மீட்பு வாகனத்தை நமது கப்பற்படை ஏற்றுக்கொண்டது. 650 மீட்டர் வரை இறங்கும்; ஒரு தடவைக்கு 14 பேரை ஏற்றிவரும். மேற்குக் கரைக்கு ஒன்று, கிழக்குக் கரைக்கு விசாகப்பட்டினத்தில் ஒன்று என்று இரண்டு. செய்து கொடுத்தவர்கள் யார் என்றால், மேலே சொன்ன அதே ஜேம்ஸ் பிஷர் ஸ்தாபனத்தார். சுதேசிச் சரக்காக இல்லையே என்ற வருத்தம் நமக்கும் உண்டு. ஆனால் மூச்சு முட்டிக்கொண்டிருப்பவன் கயிறு எந்த ஊரில் திரித்தது என்று கேட்கமாட்டான்.

2021-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி விடிவதற்கு முன், இந்தோனேசியாவின் 'நாங்கலா' என்ற கப்பல் பாலித் தீவுக்கு வடக்கே 53 பேருடன் மூழ்கி மறைந்தது. மின்சாரம் நின்றுவிட்டால் உள்ளே மூன்று நாளைக்குத்தான் காற்று இருக்கும் என்றார்கள். சிங்கப்பூர், மலேயா, ஆஸ்திரேலியா ஆகிய தேசங்களின் கப்பல்கள் விரைந்தன. மறுநாளே விசாகப்பட்டினத்திலிருந்து நமது வாகனமும் கப்பலேறிப் புறப்பட்டது. அது வழியில் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. 25-ந் தேதி, 838 மீட்டர் ஆழத்தில் மூன்று துண்டுகளாகக் கிடந்த கப்பலைச் சிங்கப்பூரின் மீட்புக் கப்பல் இறக்கிய யந்திரம் படமெடுத்தது. அந்த ஆழத்தைத் தாங்க அக்கப்பலால் முடியாது. நமது வாகனத்தாலும் இறங்க முடியாது. சில வாரங்களுக்கு முன், பழைய தளபதிக்கு விடை கொடுப்பதற்காக, அந்த மாலுமிகள் கப்பலுக்குள்ளே கிடார் வாசித்துக்கொண்டு ஒரு பிரிவுபசாரப் பாட்டுப் பாடியிருந்தார்கள். அந்தப் படம் பிறகு இந்தோனேசியா முழுவதும் பரவிற்று. அதைப் பார்த்தோம், முழுவதும் பார்க்க முடியவில்லை.

விசாகப்பட்டினத்துக்கும் பாலிக்கும் உள்ள தூரத்தை மூன்று நாளில் எந்தச் சரக்குக் கப்பலும் கடக்காது. காம்சட்காவில் ஏழு உயிரைக் காத்ததில் பாதிப் பங்கு கத்தரிக்கு. மறு பாதி அதைத் தூக்கிச் சென்ற விமானத்துக்கு. நமது வாகனத்தையும் விமானத்தில் ஏற்றலாம் என்றே அமைத்திருக்கிறார்கள். ஏற்றுவதற்கு விமானமும், போய் இறங்கிய துறைமுகத்தில் அதைச் சுமக்கத் தக்க கப்பலும், அந்தக் கப்பலின் மேல்தட்டில் அதைப் பொருத்த ஆட்களும் எந்த நேரமும் ஆயத்தமாக இருக்கின்றனவா என்பதே கேள்வி. பணம் செலவழித்துப் பயன்படுத்தாமலே வைத்திருக்க வேண்டிய சாமான் இது. சட்டசபைகளில் இதற்குக் கைதட்டல் கிடைக்காது.

ஆயினும் ஒரு நல்ல சமாசாரம் உண்டு. 2025 ஜூலை 18-ந் தேதி 'நிஸ்தார்' என்ற மீட்புத் துணைக் கப்பலை விசாகப்பட்டினத்தில் கப்பற்படையில் சேர்த்தார்கள். நிஸ்தாரம் என்றால் கரையேற்றுதல். 1971 முதல் 1989 வரை இதே பெயருடன் ஊழியம் செய்த பழைய கப்பல் ருஷ்யாவிலிருந்து வந்தது, இது சுதேசி. கட்டியது ஹிந்துஸ்தான் கப்பல் தளம். 1941-ல் வால்சந்த் ஹீராசந்த் ஆரம்பித்து, 1948-ல் நேருஜி 'ஜல உஷா'வை மிதக்கவிட்ட அதே தளந்தான்.

அவ்வருஷம் செப்டம்பரில் சிங்கப்பூர் நடத்திய சர்வதேச ஒத்திகைக்கு நிஸ்தார் போயிற்று. தென் சீனக் கடலில் தென் கொரியாவின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று, விபத்துக்குள்ளானதாகப் பாவனை செய்து, கீழே காத்திருந்தது. நமது வாகனம் இறங்கி அதன் வாசல்மேல் கவிழ்ந்து, நடுவிலிருந்த ஜலத்தை வெளியேற்றிப் பொருந்திக்கொண்டது. அந்நிய தேசத்துக் கப்பலொன்றின்மேல் அது ஒட்டியது அதுவே முதல் தடவை. ஒத்திகைதான். உள்ளே இருந்தவர்களுக்குக் காற்றுக்குக் குறைவில்லை. மணியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை.